பதினேழாவது வளைவு

அமீருத்தீன் பாய் போன் பண்ணினபோது
மணி நாலே முக்கால்.
"ஆம்னியில பார்சல் எறங்கிருச்சு தம்பி.
ரெண்டே காப்பி."
லுங்கியோடு வண்டியை உதைத்தேன்.

முதல் அக்ரஹாரத்தில் பாதி தூக்கிய ஷட்டர்.
எந்தக் கோயில் வாசலிலும்
அவ்வளவு குனிந்ததில்லை நான்.
நான்காம் பாகம்.
அட்டையில் இன்னும் கோந்து வாசனை.
கடைசிப் பக்கத்தின் எண்ணை மட்டும் பார்த்தேன்,
எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு:
எழுநூற்றுப் பன்னிரண்டு.

பதினோரு வருஷம்.
மூன்றாம் பாகத்தின் கடைசி வரியில்
கூத்தரசன் கிணற்றுக்குள் தொங்குகிறான்.
மேலே கயிற்றில் ஒரு புரி அறுகிறது.
அவ்வளவுதான். அப்புறம் மூன்று புள்ளி.
அவனை அப்படியே விட்டுவிட்டு
நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.
இரண்டு பிள்ளை, ஒரு குடல்வால் ஆபரேஷன்.
ஆயிரம் ரூபாய் நோட்டு செத்தது.
பஸ்ஸே ஓடாத ஒரு கோடை வந்து போனது.
அவன் தொங்கிக்கொண்டே இருந்தான்.
"யாருங்க அந்தக் கூத்தரசன்?
தூக்கத்துல கூப்புடறீங்க" என்றாள் தமயந்தி.
தூரத்துச் சொந்தம் என்றேன்.
பொய்யில்லை.

ஆறு பத்து. முதல் சிங்கிள், ஏற்காடு.
தோல்பையில் சில்லறைக்கும் டிக்கெட் மெஷினுக்கும் நடுவே
புத்தகம்.
தோள் ஒரு பக்கமாய் இறங்கியது.
அஸ்தம்பட்டியில் கூட்டம், கோரிமேட்டில் மூட்டைகள்.
அடிவாரம் தாண்டினால் ஏறுவோர் குறைவு;
அங்கே ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் என்பது திட்டம்.

அப்போதுதான் பார்த்தேன்.
ஏழாம் நம்பர் சீட், மெரூன் ஸ்வெட்டர்,
மடியில் அதே அட்டை.
இன்னொரு காப்பி!
அதுவும் நாற்பது பக்கம் தாண்டி.

"ஒண்டிக்கடை ஒண்ணு."
நிமிராமலே நோட்டை நீட்டினாள்.
"கிணத்துல அவன்..." என்று
என் வாய் முந்திக்கொண்டது.
அவள் தலை தூக்கினாள்.
ஒரே நோய்க்கு ஒரே வார்டில் கிடந்த இரண்டு பேர்
வெளியே கடைத்தெருவில் பார்த்துக்கொண்ட மாதிரி
சிரித்தோம்.
"சொல்லட்டுமா?"
"ஐயோ!"
நான் போட்ட சத்தத்தில்
டிரைவர் சித்தேஸ்வரன் பிரேக்கை மிதித்துவிட்டான்.

அப்புறம் நான் புத்தகத்தைத் தொடவில்லை.
கம்பியில் சாய்ந்து
அவள் முகத்தைப் படித்தேன்.
மூன்றாம் வளைவில் புருவம் ஏறியது.
ஏழில் உதட்டைக் கடித்தாள்.
ஒன்பதில் குரங்குகள் ஜன்னல்வரை வந்தன,
அவளுக்குத் தெரியவே இல்லை.
பதிமூன்றில் வாய்விட்டுச் சிரித்தாள்
(ஆக, அந்தக் கழுதைக்காரன் திரும்ப வந்துவிட்டான்;
வேறு யாருக்கும் அப்படிச் சிரிப்பு வராது).
எனக்கும் சிரிப்பு வந்தது,
படிக்காத பக்கத்துக்கு.

பதினேழாவது வளைவில்
புத்தகத்தை மூடினாள்.
விரல் மட்டும் உள்ளேயே இருந்தது.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ஜன்னலில் பனியைத் தவிர ஒன்றுமில்லை.

யாரோ போய்விட்டார்கள்.
யார் என்று தெரியாது.
தோல்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்.
அதற்குள்ளே எல்லோரும்
இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

ஒண்டிக்கடையில் இறங்கும்போது
கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொல்ல வந்தாள்.
விசிலை ஊதினேன்.
அவள் ரவுண்டானாவைத் தாண்டும்வரை
மூச்சு தீரத் தீர ஊதினேன்.

திரும்பும் சிங்கிளுக்கு இருபத்தைந்து நிமிஷம்.
காலி பஸ். கடைசி சீட்.
முதல் பக்கத்தைத் திறந்தேன்.
முதல் சொல், "கயிறு".
மூடிவிட்டேன்.

"ராத்திரியெல்லாம் தூங்கலைன்னே,
படிக்கலையா?" என்றான் சித்தேஸ்வரன்,
இரண்டு கிளாஸோடு படியேறி.
மொதல்ல அதைக் குடு என்றேன்.
பதினோரு வருஷம் தொங்கினவன்
ஒரு டீ நேரம் தொங்க மாட்டானா.